கண் எழுதாத சிப்பாய்

இரண்டாவது ஓலையை நேசையா ஐயர் வாசிக்கவில்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலையைக் கணீரென்று வாசித்தவர் சபைப் பாதிரியாரான அதே ஐயர்தான். மேய்ப்பன்புரம் சபை அருமைநாயகம் குமாரத்தி பாக்கியவதிக்கும் பாளையங்கோட்டை உபாத்தியாயர் ஞானசிகாமணிக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்லுகிறவர்கள் யாராவது உண்டா என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்டு, மூன்று ஞாயிறும் யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் கல்யாணம். இந்த ஞாயிறோ அவர் பிரசங்கம் செய்தார், காணிக்கை எடுக்கச் சொன்னார், அம்பாசமுத்திரம் தாலுகாவுக்கு மழை வேண்டுமென்று ஜெபித்தார், ஆசீர்வாதம் கூறி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த யூனிசுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. வயதான மனிதர், மறந்திருப்பார் என்று நினைத்தாள். பக்கத்தில் மகள் பாக்கியவதி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மறதியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்ததும் ஐயர் அருமைநாயகத்தை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். கால் நாழிகை கழித்து வெளியே வந்த மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டுக்கு வந்து செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

“நாம விக்கிரகம் செஞ்சு வித்துட்டமாம். கமிட்டி கூடி விசாரிக்கப் போவுதாம். அதுவரைக்கும் ஓலை கெடையாதுன்னுட்டாரு.”

யூனிசுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. அந்த ஒரு வார்த்தை பட்டறைக்குள் நுழையக்கூடாது என்பதற்காக இரண்டு தலைமுறையாக அந்தக் குடும்பம் எவ்வளவு பாடு பட்டிருக்கிறது என்பது ஐயருக்குத் தெரியாதா என்ன?

அருமைநாயகம் கடைசல்காரர். மரத்துண்டைப் பட்டறையில் மாட்டிக் கயிறு இழுத்துச் சுழலவிட்டு, உளியால் கடைந்து, சுழலும்போதே சூட்டில் அரக்குச் சாயம் ஏற்றி, தாழமடலால் தேய்த்து மெருகு கொடுக்கிற வேலை. அவருடைய அப்பா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரான நாளில், அதுவரை நவராத்திரிக் கொலுவுக்குச் செய்துவந்த சாமி பொம்மைகளை அடியோடு விட்டுவிட்டார். அப்புறம் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி? யாருமே கும்பிடாத ஓர் ஆளைத்தான் செய்யவேண்டும் என்று யோசித்து, சிப்பாயைச் செய்தார். சிப்பாயைக் கண்டால் ஜனங்கள் ஓடி ஒளிவார்களே தவிரக் கையெடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அப்போதும் அந்தக் காலத்து ஐயருக்குச் சந்தேகம் தீரவில்லை. சாமி சிலைக்குக் கண்ணைக் கடைசியில், நாள் பார்த்து, பூசை போட்டுத் திறப்பார்கள். எங்கள் பட்டறையில் கண்ணைத்தான் முதலில் எழுதுவோம் என்று கிழவர் வாக்குக் கொடுத்தார். அன்று முதல் அதுதான் சட்டம். முகத்துக்கு நிறம் ஏறியதும் இரண்டு கண்கள். மீசை, பொத்தான், துப்பாக்கி எல்லாம் அப்புறம். அணில்வால் மயிர் கட்டிய தூரிகையால் அந்தக் கண்களை எழுதுகிறவள் யூனிஸ். வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கண்கள் எழுதியிருப்பாளோ, ஒரே ஒரு சிப்பாய்க்குத்தான் எழுதாமல் விட்டிருந்தாள். அந்த ஒன்றுதான் இப்போது அவள் மகளின் கழுத்தைப் பிடித்தது.

அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், சிப்பாய் சேர்க்கிற பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைகள் சிப்பாய் கேட்டால் ஏதோ ஒரு சிப்பாயைக் கொடுத்தால் போதும், வாங்கிக்கொண்டு ஓடிவிடும். மீசை நரைத்தவர்கள் சிப்பாய் சேர்க்க ஆரம்பித்தால் அப்படி லேசில் விடமாட்டார்கள். டில்லியில் தர்பார் நடந்து, அதன் படங்கள் கடைகடையாகத் தொங்க ஆரம்பித்த பிறகு இவர்களின் தொல்லை தாங்க முடியவில்லை. மேலப்பாளையத்துத் துணி வியாபாரி தாஜ் முகம்மது துருக்கிச் சிப்பாய் வேண்டுமென்று, குஞ்சம் வைத்த தொப்பியோடு ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவராவது படத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார். மற்ற இரண்டு பேர் அப்படியல்ல.

ஒருவர் தேவசிகாமணி. மேய்ப்பன்புரம் மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார், சபைக் கமிட்டியின் காரியதரிசி. அவருக்குத் தபால் கார்டுதான் ஆயுதம். நாலு தெரு தள்ளி இருக்கிற மனிதர், நேரில் வந்தால் நாலு பேர் பார்ப்பார்களாம், அம்பாசமுத்திரம் தபாலாபீசைச் சுற்றிக் கார்டு வரும். சென்ற மாதம் தந்த சிப்பாய்க்குப் பொத்தான் ஏழு இருக்கிறது, எட்டு இருந்திருக்க வேண்டும். ஒட்டகப் படை ஒன்று செய்து பார்க்கலாமே. முழங்கால் போட்டுக் குறிபார்க்கிற ஆள் ஏன் இன்னும் வரவில்லை? கடைசல் பட்டறையில் உருண்டு வருகிறவன் விறைப்பாக நிற்கத்தான் செய்வான், முழங்காலை மடக்கமாட்டான் என்று அருமைநாயகம் எத்தனை தடவை சொல்லியும் அவர் விடவில்லை. சொல்லுகிற நாக்குக்கு என்ன, காப்புக் காய்க்கவா போகிறது? உளி பிடிக்கிறவன் கைக்குத்தானே தெரியும்.

இன்னொருவர் ஆற்றங்கரைப் பண்ணையார் பலவேசம். அவர் வீட்டுக் கொலுவில் சாமிகள் மேல்படியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, கீழ்ப்படிகள் அத்தனையும் பட்டாளம்தான். அந்த வருஷம் ஆடி மாசம் அவர் வில்வண்டி போட்டுக்கொண்டு பட்டறைக்கே வந்தார். பழைய கும்பினிக் காலத்துத் துரை ஒருவன் வேண்டும். உயரக் கறுப்புத் தொப்பி, சிவப்புக் கோட்டு, இடுப்பில் வாள். மற்றச் சிப்பாய்கள் ஒரு சாண் என்றால் இவன் ஒன்றரைச் சாண் இருக்கட்டும் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, கண்ணை மட்டும் எழுதாமல் விட்டுவிடச் சொன்னார். துரைக்குப் பூனைக்கண், வெளிர் நீலம், அது உங்கள் அரக்குச் சாயத்தில் வராது, திருநெல்வேலி டவுணில் நாடகத் திரை எழுதுகிறவன் ஒருவன் சீமை எண்ணெய்ச் சாயம் வைத்திருக்கிறான், அவனிடம் கொடுத்து எழுதிக்கொள்கிறேன் என்றார்.

யூனிஸ் முடியாது என்றாள். இந்தப் பட்டறையில் கண்ணில்லாமல் ஒரு பொம்மை வெளியே போனதில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அப்போது மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? தேவசிகாமணி வாத்தியார்தான். பொத்தான் வழக்கை நேரில் பேசித் தீர்க்கவென்று அன்றைக்கு அதிசயமாக வந்திருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பண்ணையார் சொல்லுதது சரிதாம்மா. நீலத்துக்கு எண்ணெய்ச் சாயம்தான் எடுக்கும். கண்ணை விட்டுரு” என்று தீர்ப்புச் சொன்னார். படித்த மனிதர், சபைக் காரியதரிசி. அவரே சொன்ன பிறகு அருமைநாயகம் தலையாட்டினார். யூனிஸ் தூரிகையைக் கீழே வைத்தாள்.

நாடகத் திரை எழுதுகிறவனும் இல்லை, சீமைச் சாயமும் இல்லை. பண்ணையாரின் வயல்வரப்பு ஓரத்தில் கும்பினிக் காலத்தில் செத்துப்போன ஏதோ ஒரு துரையின் சமாதி கிடந்தது. அங்கே சுருட்டுக் கொளுத்தி வைத்து வேண்டிக்கொள்கிற வழக்கம் அக்கம்பக்கத்தில் முன்பே உண்டு. வாய்க்கால் வழக்கு ஒன்று ஜெயித்தால் உருவம் வைக்கிறேன் என்று பண்ணையார் நேர்ந்திருக்கிறார். வழக்கு ஜெயித்தது. பூசாரியை வைத்து, வெள்ளிக்கிழமை நாள் பார்த்து, கண் திறந்து, சாராயமும் சுருட்டும் படைத்து, ஒன்றரைச் சாண் சிப்பாயைச் சமாதி மேல் ஏற்றிவிட்டார். கடையத்திலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டாளத்துச் சாமி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அவரவர் நம்பிக்கை, அதைப் பற்றி யூனிசுக்கு ஒரு சொல்லும் இல்லை. தன்னிடம் பொய் சொல்லி வாங்கினார்களே, அதுதான் அவளுக்கு எரிந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் ஆற்றங்கரைப் பண்ணைக்கு நடந்தே போனாள். அருமைநாயகம் கூட வருவதாகச் சொன்னார். வந்தால் அங்கே போய்க் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்பார் என்று தெரிந்து, வேண்டாம் என்றுவிட்டாள். ஒரே ஒரு வரி எழுதித் தரும்படி பண்ணையாரைக் கேட்டாள். விளையாட்டுச் சாமான் என்று சொல்லித்தான் வாங்கினேன், கண்ணை விடச் சொன்னது நான்தான், என்ன காரியத்துக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. இவ்வளவுதான். மகளின் ஓலை நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

பண்ணையார் கோபப்பட்டிருந்தாலும் அவளுக்குப் பொறுத்திருக்கும். அந்த மனிதர் பூரித்துப்போனார்.

“ஏளா யூனிசு, வேதக்காரங்க கையால வந்த சாமின்னுதான் கூட்டமே வருது. வெறும் வெளையாட்டுச் சாமான்னு நான் எழுதிக் குடுத்தா அவரு என்னையச் சும்மா விடுவாரா?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதோடு விட்டாரா? சாமி தனியாக நிற்கிறாராம், பார்க்கச் சங்கடமாக இருக்கிறதாம். இரண்டு பக்கமும் காவலுக்கு ஒரு ஜோடிச் சிப்பாய்களும், பக்கத்தில் ஒரு துரைசாணியும் செய்துகொண்டுவரச் சொன்னார். துரைசாணிக்குக் குடை இருந்தால் விசேஷம். கண்களைப் பழையபடி விட்டுவிடலாம். அவள் மகளின் கல்யாணத்துக்குக் கேள்வி வந்து நிற்கிறது, இவருக்குக் குடை பிடித்த துரைசாணி கேட்கிறது. மரியாதைக்கு ஒரு சொல் பேசினால் கூடவே ஒன்பது சொல் வந்துவிடும் என்று பயந்து யூனிஸ் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். வாய்க்கால் கரை நெடுக அவள் காலில் ஏறிய புழுதியைக்கூட அவள் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு தாள் காத்திருந்தது. கமிட்டியிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். விக்கிரகம் செய்து விற்ற பாவத்தை நாங்கள் உணர்ந்து அறிக்கையிடுகிறோம், சபையார் எங்களை மன்னிக்க வேண்டும் என்று எழுதி, கீழே புருஷனும் பெண்சாதியும் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முதலில் இதை வாசித்து, அப்புறம் ஓலையை வாசிப்பார்களாம்.

அருமைநாயகம் மைக்கூட்டை எடுத்து வைத்திருந்தார். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைத்துவிட்டால் பிள்ளைக்கு நல்லது நடந்துவிடும் என்பது அவர் எண்ணம். பைய நடந்து பைய பேசுகிற மனிதர், சண்டை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. யூனிஸ் அவரைத் திட்டவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சபை ஊழியம் செய்கிற உபதேசியார், அந்த வீட்டார் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்து முன்வரிசையில் உட்காருவார்கள், அவர்கள் காது கேட்க இதை வாசித்த பிறகு எந்த மாப்பிள்ளை வருவான் என்று மட்டும் கேட்டாள். வந்தாலும், நாளைக்கு அந்த வீட்டில் ஒரு குழம்பில் உப்புக் கூடினால்கூட விக்கிரகக்காரன் மகள் என்ற பேச்சுத்தான் முதலில் வரும். அருமைநாயகம் மைக்கூட்டை மூடினார்.

தாளை மறுபடியும் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்த எழுத்து எங்கேயோ பார்த்த எழுத்தாகத் தெரிந்தது. குண்டு குண்டாக, கொம்புகளைச் சுழித்து எழுதுகிற எழுத்து. பொத்தான் ஏழு, எட்டு இருந்திருக்க வேண்டும் என்று எழுதின அதே எழுத்து. கண்ணை விட்டுவிடு என்று தீர்ப்புச் சொன்ன அதே மனிதர், அழகாகக் கோடு போட்டு, எழுத்துப்பிழை இல்லாமல், அவர்கள் பாவத்தை எழுதி அனுப்பியிருந்தார். வெட்கங்கெட்ட வேலை என்றால் இதைவிட வேறு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட அறையில் கமிட்டி கூடியது. ஐயரோடு சேர்த்து ஏழு பேர். உடன்குடியிலிருந்து கருப்பட்டி எடுத்து விற்கிற வியாபாரி இஸ்ரவேல், ஐயருக்கு வலது பக்கம் அசைந்து கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தேவசிகாமணி வாத்தியார் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து பேனாவை மையில் தொட்டு வைத்திருந்தார். அருமைநாயகத்தைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பின்னாலேயே யூனிசும் நுழைந்ததைக் கண்டு, பெண்பிள்ளைகள் பேசுகிற இடமில்லையே இது என்று இஸ்ரவேல் முணுமுணுத்தார். தாளில் என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறவள் பேசினால் என்ன என்று யூனிஸ் கேட்டாள்.

அவள் நேராக வாத்தியாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“வாத்தியாரய்யா, அன்னைக்கு நீங்களும் அங்கனதான இருந்திய. பண்ணையாரு என்ன சொல்லி வாங்குனாருன்னு ஒங்களுக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பள்ளிக்கூடத்து முக்காலிக்குக் கால் கடைவது சம்பந்தமாக எப்போதோ ஒருமுறை அந்தப் பக்கம் போயிருக்கலாம், என்றைக்கு என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை, அங்கே யார் என்ன பேசினார்கள் என்பது தமக்கு ஞாபகமில்லை என்றார். பொய் என்று கையைப் பிடிக்க முடியாது. உண்மை என்று சொல்லவும் முடியாது. இப்படிப் பேசப் படிப்பு வேண்டும்.

பாவம், அவர் நிலைமையும் அப்படி. கொலு பார்க்கக் கிறிஸ்தவர்கள் போகலாமா என்று போன நவராத்திரிச் சமயத்தில்தான் அவர் ஐயருக்குப் பதிலாக நின்று பிரசங்கம் செய்திருந்தார். தம்முடைய வீட்டின் உள்ளறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருப்பதும், அதற்குப் பச்சைத் துணித் திரை தொங்குவதும், பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்கள் என்று ஊரார் நினைத்திருப்பவை அங்கே துப்பாக்கியோடு நிற்பதும் கமிட்டியில் யாருக்கும் தெரியாது. யூனிசுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கண் எழுதினவள் அவள்தானே.

அவள் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று வரவில்லை. ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அந்த அலமாரி அவளோடு மண்ணுக்குள் போயிருக்கும். தன் மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீருக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். இந்த மனிதருக்கு ஞாபகமில்லையாம்.

“ஐயா, வாத்தியாரய்யா வீடு இங்கன பக்கத்துலதான் இருக்கு” என்று ஐயர் பக்கம் திரும்பினாள். “உள்ளறையில ஒரு அலமாரி இருக்கு. எல்லாரும் போயிப் பாருங்க. அதுல நிக்கதும் எங்க பட்டறையில வந்ததுதான். அதெல்லாம் விக்கிரகம்னு நீங்க சொன்னா நான் இப்பமே கையெழுத்துப் போடுதேன்.”

பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை நடவடிக்கைப் புத்தகத்தில் விழுந்து பரவியது. வாத்தியார் ஒற்றுத்தாளைத் தேடினார். ஐயர் எழுந்துவிட்டார்.

வாத்தியாரின் மனைவி சாலோமி, எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனாள். அலமாரியைத் திறக்கச் சொல்லுகிறார்கள் என்றதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என்றைக்காவது இது நடக்கும் என்று எதிர்பார்த்தவள்போல் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐயரே திரையை விலக்கினார்.

அறுபத்திரண்டு சிப்பாய்கள். வெறுமனே அடுக்கி வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஐந்து படி கட்டி, படிக்குச் சிவப்புத் துணி விரித்து, மேல்படியில் குதிரைவீரர்கள், அடுத்த படியில் தொப்பி வைத்தவர்கள், அதற்கும் கீழே தலைப்பாகைக்காரர்கள் என்று வரிசை பிசகாமல் நிறுத்தியிருந்தார். அம்பாசமுத்திரத்து அக்கிரகாரத்தில் எந்த வீட்டுக் கொலுவோடும் போட்டி போடலாம். ஒரு சுண்டல்தான் குறை.

இதெல்லாம் என்ன என்று ஐயர் கேட்டார்.

அப்போது வந்தது பாருங்கள், வாத்தியாருக்குப் பேச்சு! கொஞ்ச நேரத்துக்கு முன்பு ஞாபகமில்லை என்று முடித்துக்கொண்டவர் மடை திறந்ததுபோல் பேசினார். இவை பொம்மைகள், வெறும் மரமும் அரக்கும். சரித்திரப் பாடத்துக்கு உதவுகிறவை. விக்கிரகம் என்றால் கண்ணைக் கடைசியில் திறக்க வேண்டும்; அருமைநாயகம் பட்டறையில் கண்ணை முதலில் எழுதுகிறார்கள், அது ஒன்றே போதும் அவர்கள் விசுவாசத்துக்கு அத்தாட்சி. அந்தப் பண்ணையார் காரியத்திலும் அவர்கள்மேல் குற்றம் இல்லை. நீலச் சாயத்துக்காகத்தான் கண்ணை விடச் சொன்னார், நானே அங்கே உட்கார்ந்து கேட்டேன், ஆடி மாசம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை என்றார். கிழமை உட்பட ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு ஆபத்து வந்தபோது வராத ஞாபகம், தம்முடைய அறுபத்திரண்டு மரத்துண்டுகளுக்கு ஆபத்து வந்ததும் ஓடோடி வந்தது. யூனிசுக்கு அவர் முகத்தில் விழிக்கவே கூசியது.

ஐயர் சரி சரி என்று கையமர்த்தினார். விவகாரம் தீர்ந்தது என்று அவர் வாய் திறந்து சொல்லுவார், கமிட்டிக்காரர்களில் ஒருவராவது நம்மேல் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று யூனிஸ் வாசற்படியில் நின்றபடி பார்த்தாள். அவர்களெல்லாம் அலமாரிக்கு இன்னும் கிட்டே போயிருந்தார்கள். இஸ்ரவேல் ஒரு பீரங்கிக்காரனை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தார்.

“வே அருமைநாயகம், இதுல கப்பல் பட்டாளம் ஒண்ணும் காணோமே. தூத்துக்குடியில நான் பாத்திருக்கேன், வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப்பட்டையும் போட்டிருப்பான். நல்லாருக்கும் வே” என்றார்.

இன்னொருவர், குழல் ஊதுகிறவனும் மத்தளக்காரனும் இல்லாமல் பட்டாளம் நடக்குமா என்று கேட்டார். மூன்றாமவர் யானைமேல் பீரங்கி வைத்தால் எப்படி என்றார். வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது, பொத்தான் எட்டு இருக்க வேண்டிய நியாயத்தை விளக்க ஆரம்பித்தார். காலையில் விக்கிரகம் என்று விசாரிக்க உட்கார்ந்த கமிட்டி இது. கடைசியாக ஐயரே ஒரு குதிரைவீரனைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டாளத்தோடு பாதிரியார் ஒருவரும் போவாரே, வெள்ளை அங்கியும் கையில் வேதபுத்தகமுமாக அவரை ஏன் செய்யவில்லை என்று அருமைநாயகத்தைக் கேட்டார். அருமைநாயகம், செய்யலாம் ஐயா, அங்கி என்றால் கடைசலுக்குச் சுலபம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யூனிஸ் உள்ளே வந்தாள். ஐயரின் கையிலிருந்த குதிரைவீரனைப் பைய வாங்கி, அதன் படியில் அதன் இடத்தில் வைத்தாள்.

“மொதல்ல எம் மக பேரை வாசிங்க, ஐயா” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் யாராவது ஏதாவது பதில் சொல்லியிருப்பார்கள். இஸ்ரவேல் பீரங்கிக்காரனைக் கீழே வைத்தார். ஐயர் தொண்டையைச் செருமி, நாளைக்கே வாசிக்கிறேன் அம்மா என்றார். அறிக்கைத் தாளை அவள் புருஷனிடம் கேட்டு வாங்கி, வாத்தியாரின் கண்ணுக்கு முன்னாலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் சொன்னபடியே வாசித்தார். அருமைநாயகம் குமாரத்தி பாக்கியவதி என்று அவர் சொன்னபோது பாக்கியவதியின் கை அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தது. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். தடை சொல்லுகிறவர்கள் உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று ஐயர் நிறுத்தினார். அந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவள் தலையைக் குனிந்து இருப்பதுதான் முறை. யூனிஸ் குனியவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி, கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, தேவசிகாமணி வாத்தியாரில் நிறுத்தினாள். ஐயர் மறுபடியும் பேசும்வரை கண்ணை எடுக்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை.

வெளியே வந்ததும் வாத்தியார் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, உரிய நேரத்தில் தான் எடுத்துச் சொன்னது உதவியாக இருந்தது என்று சந்தோஷப்பட்டார். இனிமேல் ஒளிவுமறைவு தேவையில்லை, ஐயரே பார்த்தாகிவிட்டது என்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கிறிஸ்துமசுக்குள் செய்ய வேண்டிய சிப்பாய்கள், நாலு விதம், இன்னின்ன தொப்பி, இன்னின்ன நிறம் என்று குண்டு எழுத்தில் கோடு போட்டு எழுதியிருந்தது. வருஷம் முழுக்கச் சிப்பாய் வாங்குகிற மனிதர். அருமைநாயகத்தின் கை தாளுக்காகத் தன்னால் நீண்டுவிட்டது.

“கல்யாணத்துக்குக் கண்டிப்பா வாங்க, வாத்தியாரய்யா” என்றாள் யூனிஸ். “பந்தியில மொத எலை ஒங்களுக்குத்தான். பட்டறைக்கு மட்டும் இனிமே வராதிய.”

அருமைநாயகம் நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.